நிக்கோலாசா டீச்சரின் சனிக்கிழமை

ஷெலா நகரத்துக்கு வந்து ஸ்பானிஷ் படிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஏதாவதொரு சனிக்கிழமை சாந்தா மரியா எரிமலையில் ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை வகுப்பில் வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டு, தப்பும் தவறுமாக அந்தக் கதையைச் சொல்வார்கள். நிக்கோலாசா டீச்சர் திருத்துவாள். இருபது வருஷமாகத் திருத்துகிறாள். சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்கிற மலை. அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. முதலில் பிள்ளைகள், பிறகு படுக்கையில் கிடந்த மாமியார், பிறகு மூட்டுவலி. தன் மலையைப் பற்றி அடுத்தவர் சொல்லிக் கேட்பது இந்த வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏறியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மினிபஸ் ஓட்டும் புருஷன் எலியாசர் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மார்க்கெட் மேட்டுக்கே மூணு இடத்துல நின்னு மூச்சு வாங்குற. மத்தியானத்துக்குள்ள திரும்பிடுவ. பீன்ஸ் வேகவச்சு வைக்கவா?”

“வச்சு நீயே தின்னு.”

துணைக்கு வந்தவள் அவளுடைய மாணவி சில்கே. ஜெர்மனியில் தபால்காரி, ஊர் ஊராக நடந்து இரும்பாகிப்போன கால். இருட்டு பிரியும் முன்பே இருவரும் சோளக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் செங்குத்து. வேரும் ஈரக் கல்லும் வழுக்கின. உச்சியில் ஜெபம் பண்ணிவிட்டுக் கூட்டம் கூட்டமாக இறங்கியவர்கள் வாய் நிறைய வணக்கம் சொன்னார்கள்.

“இன்னும் எவ்வளவு தூரம்ங்க?” என்று சில்கே கேட்டாள்.

“இந்தா, கொஞ்சம்தான்மா!”

ஒரு மணி நேரம் கழித்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அந்த ஊர்ப் பழக்கம் அது. களைத்து நிற்கிறவனிடம் உண்மையான தூரத்தைச் சொல்வது மரியாதைக் குறைவு. போன வாரம் சில்கே வேறொரு மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் ஒருவரிடம் “இன்னும் ரொம்ப தூரம்” என்று போட்டு உடைத்ததற்கு, நிக்கோலாசாவே வகுப்பில் அவளைக் கண்டித்திருந்தாள்.

பைன் மரங்கள் நெருங்கி நின்ற ஒரு வளைவில் நிக்கோலாசாவின் முழங்கால் மடங்கியது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

“சில்கே, அந்த போனைப் பாத்துச் சொல்லு. எவ்வளவு இருக்கு?”

சில்கே போனைப் பார்த்தாள். டீச்சரின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். “கொஞ்சம்தான், டீச்சர்.”

“அடிப்பாவி! என்கிட்டயேவா? நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பி விடுறியா? உள்ளதைச் சொல்லு.”

“பாதிதான் வந்திருக்கோம். இனிமேதான் செங்குத்து அதிகம். வேண்டாம், இறங்கிடலாமா?”

நிக்கோலாசாவுக்கு அழுகை முட்டியது. எலியாசரின் பீன்ஸ் சட்டி கண்முன் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. காலையிலிருந்து அத்தனை பேரும் கொஞ்சம், கொஞ்சம் என்றபோது வராத தெம்பு, அந்தப் ‘பாதி’யைக் கேட்டதும் எங்கிருந்தோ வந்தது.

“பாதி ஏறியாச்சா? நானா?” கையை நீட்டினாள். “தூக்கிவிடு. முழங்கால் போனாப் போகட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்.”

சில இடங்களில் நடந்தாள், சில இடங்களில் கையும் காலும் ஊன்றி ஊர்ந்தாள். பாவாடை கிழிந்தது. இளவட்டங்கள் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டாள். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போய், கடைசியில் மேலே பாறைக்குப் பதில் வெறும் வானம் தெரிந்தது. உச்சியில் நான்கைந்து குடும்பங்கள் கைகளை உயர்த்தி, தங்கள் கஷ்டத்தையெல்லாம் கடவுளிடம் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தன. நிக்கோலாசாவுக்கு அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பாறை விளிம்பில் நின்று போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

“என்ன, திரும்பிட்டியா? வண்டியை எடுத்துட்டு வரவா?” என்றான் எலியாசர்.

நிக்கோலாசாவுக்குத் தேம்பல்தான் வந்தது.

“ஐயோ, என்னடி ஆச்சு? விழுந்துட்டியா? எங்க இருக்க?”

“வாசலுக்கு வந்து மலையைப் பாரு.”

செருப்புச் சத்தமும் கதவுச் சத்தமும் கேட்டன. “பாக்கிறேன். ஒண்ணும் தெரியலையே. உச்சி பூரா மேகம் மூடிக் கிடக்கு.”

“அந்த மேகத்துக்கு மேல நிக்கிறேன்,” என்றாள் நிக்கோலாசா.