பொங்கிய கல்

கானாடுகாத்தான் பெரிய வீட்டு முகப்பில் சந்தனமேரி குத்தவைத்து உட்கார்ந்து, கேனிலிருந்த ஆசிட்டை மக்கில் சாய்த்தாள். பூட்டிக்கிடந்த வீடு ஓட்டலாகிறது. நாளைக்குத் திறப்பு. கொத்தனார்கள் சிந்திய சிமெண்டு வெள்ளைச் சலவைக்கல்லில் பொட்டுப் பொட்டாய் ஒட்டியிருந்தது. இந்த வேலை சுத்தமாக முடிந்தால் ஓட்டலிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

கிளவுஸ் கேட்டதற்கு, கேரி பேக்கைக் கையில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டான் சூப்பர்வைசர் சிவபிரகாஷ்.

ஊற்றியதும் கல் சீறிக்கொண்டு நுரைத்தது.

"பாத்ரூம் டைல்ஸ்ல இப்படிப் பொங்கலையே தம்பி?"

"அம்புட்டு அழுக்குக்கா. பொங்குனாத்தான் வெளிய வரும். இன்னும் ஊத்து" என்றான் சிவபிரகாஷ்.

பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த ரேணுகா சிரித்தாள். "சோடா கணக்கா இருக்குக்கா. எலுமிச்சம்பழம் புழிஞ்சா குடிச்சிரலாம்."

"மொத ஒன் மாமியாளுக்குக் குடுடி."

சிரிப்பு இருமலில் முடிந்தது. புகை தொண்டையைப் பிடித்தது. கேரி பேக்கில் எங்கோ ஓட்டை. சந்தனமேரியின் விரலிடுக்கில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மக்கு ஊற்றினாள்.

தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் தெரிந்தது. சிமெண்டோடு கல்லின் பளபளப்பும் போயிருந்தது. அவள் கை போன இடமெல்லாம் சொரசொரவென்று சுண்ணாம்புத் தரை.

மத்தியானம் முதலாளி பெத்தாச்சி வந்தார். மண்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"இத்தாலிக் கல்லுப்பா. ஆசிட்டு இதைத் தின்னுரும்னு தெரியாதா? யாரு ஊத்துனது?"

"சொல்லச் சொல்லக் கேக்காம இந்தக்காதான் ஊத்திருச்சுங்கய்யா" என்றான் சிவபிரகாஷ்.

"நீங்கதான தம்பி ஊத்தச் சொன்னீக?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ரேணுகா வாளிக்குள் பார்த்தாள்.

"நாளையிலேருந்து வர வேணாம்மா" என்றார் முதலாளி, கல்லை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சாயங்காலம் காரைக்குடியிலிருந்து பாலிஷ் போடுகிற ஆள் வந்தான். முழங்கை வரை ரப்பர் கிளவுஸ், மூக்கை மூடிய மாஸ்க், கால் பூட்ஸ். ஈரத்துணியைக் கல்மேல் பதனமாக விரித்தான்.

"யாரும் மிதிச்சிராதீக. கல்லு நொந்துபோய்க் கெடக்கு."

சந்தனமேரி வெறுங்காலோடு சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள். வேறொரு கேரி பேக்கில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதற்குள் எரிகிற கையை விட்டு மணிக்கட்டில் முடிந்திருந்தாள். படியிறங்கும்வரை ஒரு சொட்டும் தரையில் சிந்தாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனாள்.