பால் இல்லை

மாமனாரின் பால் கடையில் மூன்று குளிர்பெட்டிகள். ஒன்றை ஒரு வாரத்துக்கு மருமகளிடம் விட்டுக்கொடுத்திருந்தார். தேங்காய்ப்பாலிலும் முந்திரியிலும் அவள் செய்த ஐஸ்கிரீம் சனிக்கிழமைக்குள் விற்றுத் தீர வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி மறுபடி வெண்ணெய்க்கு. அவள் மறுபடி, அழுதுகொண்டே போய்வந்த அந்த அலுவலகத்துக்கு.

"பால் வேணாங்கறவங்க பால் கடைக்கு எதுக்கும்மா வரப்போறாங்க?"

"நம்ம தெருவிலேயே பதினெட்டு பேர் இருக்காங்க மாமா. சிலருக்கு வயித்துக்கு ஒத்துக்கலை. சிலருக்கு மாட்டு மேல இரக்கம். மத்தவங்களுக்குத் தன் இடுப்பு மேல இரக்கம்."

"தேங்காய்ப்பால்னு நீயே சொல்றே. அப்புறம் எப்படிப் பால் இல்லை?"

அவளுக்கு உதவத்தான் கணவன் பலகை எழுதினான். செவ்வாய்க்கிழமை காலை அது கடை வாசலில் ஏறியது. பெரிய எழுத்தில் 'பால் இல்லை'. கீழே பொடி எழுத்தில் 'எங்கள் ஐஸ்கிரீமில்'.

வாடிக்கைக்காரர்கள் வந்தார்கள், மேல் வரியைப் படித்தார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒன்பது மணிக்கும் கேன்கள் நிறைந்தே இருக்க, மாமனார் வெளியே வந்து பார்த்தார்.

"யாருடா எழுதினது?"

"நான்தாம்ப்பா."

"பால் கடை வாசல்ல பால் இல்லைன்னு எழுதத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேனா?"

பலகையைக் கழட்ட அவர் ஸ்டூல் மேல் ஏறி ஆணியில் கைவைத்தபோது கீழே ஒரு பெண், சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"கழட்டாதீங்க ஐயா. இன்னும் படிச்சு முடிக்கலை." முடித்தாள். "இவளுக்குப் பால் பட்டாலே உதடு வீங்கிடும். ஐஸ்கிரீமே சாப்பிட்டதில்லை. நிஜமாவே பால் இல்லையே?"

நாற்பது வருடங்களாக அவரிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் இல்லையே? தினமும் சத்தியம் செய்தார். ஒருவரும் முழுசாக நம்பியதில்லை.

"ஒரு சொட்டு கிடையாதும்மா. பாத்திரம் தனி, சமையலறை தனி. என் டீ ஸ்பூனைக்கூட உள்ளே விடமாட்டா என் மருமக. சத்தியம்."

அந்தப் பெண் உடனே நம்பிவிட்டாள்.

"ஆறு டப்பா குடுங்க. இவ பள்ளிக்கூடத்துல இதே மாதிரி நாலு பிள்ளைங்க இருக்கு. அவங்க அம்மாங்களையும் அனுப்பறேன்."

அவர்கள் போனதும் மாமனார் பலகையைக் கழட்டி, ஸ்டூலோடு உள்ளே தூக்கிவந்து, அந்த ஒரு பெட்டிக்கு மேலே அடித்தார். பிறகு, மருமகளைப் பார்க்காமலே சொன்னார்:

"வெண்ணெய் பக்கத்துப் பெட்டியிலயே நெருக்கி உக்காந்துக்கட்டும்."