முன்னால் போகிறவள்

ஃபென்னா அன்று சைக்கிளில் கிளம்பியது வீட்டை விற்கக் கையெழுத்துப் போடுவதற்கு. வீட்டை விற்பதோ, இனி சைக்கிள் மிதிக்கத் தன்னால் ஆகாது என்பதால். இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் சிரிக்க மூச்சு வேண்டுமே.

மார்ச் மாதம், மேற்குக் காற்று. க்ரோனிங்கன் மாகாணத்தின் வடக்கோரத்தில் அந்த மாதக் காற்று கன்னத்தில் அறைகிற காற்று. கடலணையின் அடியோடு போகிற சைக்கிள் பாதையில் ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. ஆடுகள்கூட அணையின் இந்தப் பக்கச் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன.

பின்னாலிருந்து அலீடாவின் குரல் வந்தது.

"என்னடி இப்படி ஊருற? காலையில ரொட்டி திங்கலையா?"

"பேசாம வாடி. வாயத் திறந்தா காத்து உள்ள போகுது."

"உனக்குத்தான் போகுது. எனக்கு ஒண்ணும் ஆகலையே, பாரு."

ஆகவில்லைதான். அந்த எதிர்க்காற்றில், அலீடா தன் தங்கைக்குப் பித்தப்பையில் கல் எடுத்த கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனை கல், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு என்பது உட்பட. அலீடா ஃபென்னாவைவிட இரண்டு வயது மூத்தவள். எழுபது.

இவர்கள் இருவருக்கும் ஒரு முறை உண்டு. கிராமத்திலிருந்து ஓஸ்டர்வேர் டவுனுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், வழியில் கால்வாய்ப் பாலங்கள் மூன்று. ஒரு பாலம் வரை ஒருத்தி முன்னால் போய் நெஞ்சில் காற்றைத் தாங்குவாள். மற்றவள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவாள். பாலம் வந்ததும் முன்னால் இருப்பவள் ஓரம் ஒதுங்குவாள், பின்னால் இருப்பவள் முன்னுக்குப் போவாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆரம்பித்தது. ஆளுக்கு வீடு, கணவன், பிள்ளை என்று ஆன பிறகும் புதன்கிழமைச் சந்தைக்கு அதே முறைதான். யாருடைய முறை என்று கேட்டுக்கொண்டதே இல்லை.

ஒரே ஒரு வருஷம் மட்டும் முறை மாறியது. ஃபென்னாவின் கணவன் ஹார்ம் இறந்த வருஷம். தூக்கம் போய், சாப்பாடு போய்க் கிடந்தவளை அலீடா தினமும் காலையில் வந்து கிளப்பினாள். "எந்திரி. மிதி. அழணும்னா மிதிச்சுக்கிட்டே அழு," என்றாள். அந்த வருஷம் முழுக்க எல்லாப் பாலத்துக்கும் அலீடாதான் முன்னால் போனாள். ஒரு தடவைகூட ஒதுங்கவில்லை. அவள் முதுகைப் பார்த்து மிதித்து மிதித்துத்தான் ஃபென்னாவுக்குப் பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது.

அது ஆறு வருஷத்துக்கு முந்தின கதை. போன செப்டம்பரில் வேறொன்று தொடங்கியது.

அலீடா புதுச் சைக்கிள் வாங்கியிருந்தாள். பழசு துருப்பிடித்துவிட்டது, மகன் பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்தான் என்றாள். கறுப்பு வண்டி, தடித்த சட்டம், பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் மூடுகிற பூப்போட்ட பைகள், கைப்பிடியில் குளிருக்கு உள்ளே கை நுழைத்துக்கொள்ளும் உறைகள். வழக்கம்போல மாற்றுச் சாவியை ஃபென்னாவிடம் கொடுத்தாள். அதுவும் பள்ளிக்கூடத்துப் பழக்கம்தான். ஒருத்தி சாவியைத் தொலைத்தால் இன்னொருத்தியிடம் இருக்கும். அவசரமென்றால் கேட்காமலே எடுத்துக்கொண்டும் போகலாம்.

அந்த மாதத்திலிருந்து ஃபென்னா பின்தங்கினாள். அலீடா முன்னால் போகும்போது அவள் முதுகு இரண்டு கஜம், ஐந்து கஜம் என்று தள்ளிப் போனது. முதுகு தள்ளிப் போனால் ஒண்டவும் முடியாது. ஃபென்னா சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். டயருக்குக் காற்றடித்தாள். சைக்கிள் கடைக்காரன் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒரு குத்தமும் இல்லம்மா," என்றான். அப்படியானால் குற்றம் காலில்.

டாக்டரிடம் அவள் போகவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் உடம்பைப் பற்றிக் காற்றிடம்தான் கேட்பார்கள். எதிர்க்காற்றில் கூட வருபவளின் முதுகை விட்டுவிடுகிறோமா, பிடித்துக்கொள்கிறோமா என்பதுதான் அவர்களுக்குப் பரிசோதனை. எழுபது வயதுக்காரி கதை பேசிக்கொண்டு மிதிக்கிறாள், அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு மூச்சு வாங்குகிறது. இதற்கு மேல் என்ன டாக்டர் வேண்டும்?

கால் போனால் அந்த வீடும் போனதுதான். அணைக்குப் பக்கத்தில் தனி வீடு. நாலு வருஷமாகப் பஸ் வருவதில்லை. கிராமத்துக் கடையை மூடியாகிவிட்டது. கார் ஓட்டியது ஹார்ம்தான், அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. பால், ரொட்டி, மருந்து, நூலகம், தேவாலயப் பாட்டுக்குழு எல்லாமே சைக்கிளில்தான். பிப்ரவரியில் அலீடாவின் சமையலறையில் பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டை விற்கலாம் என்று நினைப்பதாக ஃபென்னா சொன்னாள்.

அலீடா கரண்டியைச் சூப்புக்குள் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நல்ல முடிவுதான்," என்றாள். "டவுன்ல வயசானவங்க குடியிருப்புல நானும் பேர் குடுத்து வச்சிருக்கேன். பக்கத்துப் பக்கத்து வீடா கேப்போம்."

எவ்வளவு நல்ல சிநேகிதி என்று ஃபென்னா அன்று நினைத்துக்கொண்டாள்.

டவுனுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. அலீடாவுக்கு முடி சுருட்ட நேரம் குறித்திருந்தது. சந்தைச் சதுக்கத்து முடிதிருத்தும் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கையெழுத்துப் போட்டுட்டு வா, பொரிச்ச மீன் சாப்பிடுவோம்," என்று உள்ளே போனாள். ஃபென்னா ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மீன் கடைக்குப் பக்கத்தில் யாரோ பாட்டில் உடைத்திருந்தார்கள். அவள் வண்டியின் முன்டயர் உஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது.

சைக்கிள் கடைக்காரன் பன்னிரண்டுக்கு மேல்தான் முடியும் என்றான். வீட்டுத் தரகர் அலுவலகம் டவுனின் மேற்குக் கோடியில், மூன்று கிலோமீட்டர். கையெழுத்துக்குக் குறித்த நேரம் பதினொன்று, இப்போதே மணி பத்தே முக்கால். வீடு வாங்குகிற தம்பதி தூரத்திலிருந்து வந்து காத்திருப்பார்கள். ஃபென்னா பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தாள், அலீடாவின் வண்டியைத் திறந்தாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இருக்கை கொஞ்சம் உயரம். குளிருக்குக் கைகளை உறைக்குள் நுழைத்தாள். வலது கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது, பட்டென்று அழுந்தியது. கிணுக்கென்று சின்னச் சத்தம். மணியாக இருக்கும் என்று நினைத்து மிதித்தாள்.

வண்டி எடுத்த எடுப்பில் பாய்ந்தது.

கால்வாய்க் கரைக்கு வந்ததும் காற்று நேரே முகத்தில் அடித்தது. வண்டி அதைச் சட்டை பண்ணவில்லை. முன்னால் போன ஒரு பள்ளிக்கூடப் பையனைத் தாண்டினாள். கால் சுற்றியது, தொடை வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கால் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். உண்மையாகவே நினைத்தாள். குளிர்காலத்தில் ஏதோ சத்துக் குறைவாக இருந்திருக்கிறது, இப்போது வந்துவிட்டது. வீட்டை விற்க வேண்டாம். தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடலாம். தெருவில் அறுபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி தனியே சிரித்துக்கொண்டு போனாள்.

சிவப்பு விளக்கில் நின்றாள். பச்சை விழுந்ததும் மிதியை மெதுவாகத்தான் அழுத்தினாள். யாரோ இருக்கைக்குக் கீழே கை கொடுத்துத் தள்ளியதுபோல வண்டி நகர்ந்தது. இன்னொரு தடவை நின்று, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். அதே தள்ளு.

ஃபென்னா இறங்கினாள். வண்டியை ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்த்தாள். பூப்போட்ட பையைத் தூக்கிப் பார்த்தாள். பின்சக்கரத்தின் நடுவில் பிஸ்கட் டப்பா அளவுக்கு மோட்டார். தடித்த சட்டத்தின் அடியில் மின்கம்பி செருகுகிற ஓட்டை, ரப்பர் மூடியோடு. கை உறைக்குள் எட்டிப் பார்த்தால் பொத்தான், பக்கத்தில் மூன்று பச்சைப் புள்ளி.

செப்டம்பர், அக்டோபர் என்று விரல் விட்டு எண்ணினாள். ஏழு மாதம். எத்தனை புதன்கிழமை, எத்தனை பாலம். அதில் பாதிக்கு அவள் முன்னால் போய்க் காற்றைத் தாங்கியிருக்கிறாள், பின்னால் மோட்டாரில் உட்கார்ந்து வருகிறவளுக்காக. "ரொட்டி திங்கலையா" என்ற குரலைக் கேட்டுக்கொண்டே.

பொத்தானை அழுத்தி அணைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டே சதுக்கத்துக்கு நடந்து வந்தாள். கையெழுத்து நேரம் வழியிலேயே கடந்து போனது.

முடிதிருத்தும் கடையில் அலீடா தலை நிறையச் சுருள்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஃபென்னா அவள் மடியில் மாற்றுச் சாவியை வைத்தாள்.

"உன் வண்டியத்தான் எடுத்துட்டுப் போனேன்."

அலீடா காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். முடி சுருட்டுகிற பெண் சீப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கதவை மட்டும் மூடவில்லை.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றாள் அலீடா.

"எப்ப? அடுத்த கல்லு எடுக்கும்போதா?"

"நீதானடி மின்சாரக் கிழவிங்கன்னு கேலி பண்ணுவ. அணை மேல யாராவது அதுல போனா, கிழவிய சார்ஜ்ல போடுங்கன்னு கத்துவ. உன்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டாவது பாலம் தாண்ட முடியல. உன் கூட வர்றது நின்னு போகுமேன்னுதான்..."

"கேலி பண்ணேன். ஒத்துக்கறேன்." ஃபென்னா இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. "சூப்பு குடிச்சோமே, அன்னைக்கு? என் காலு போச்சு, வீட்ட விக்கறேன்னு சொன்னேனே. அப்பக்கூடவா கேலிக்குப் பயந்த?"

அலீடா நெற்றிச் சுருள் ஒன்றைத் தொட்டுச் சரிசெய்தாள்.

"உன்னத்தான்டி கேக்கறேன்."

"தனியா அந்தக் குடியிருப்புக்குப் போகப் பயமா இருந்துச்சு," என்றாள் அலீடா, கண்ணாடியில் தெரிந்த ஃபென்னாவைப் பார்த்து. "நீயும் வரேன்ன. சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் வாய் வரல."

"ஹார்ம் போனப்ப என்னைக் கிளப்பின ஆளுதானே நீ."

"அதே ஆளுதான்."

"அதுதான் எனக்குப் புரியல," என்றாள் ஃபென்னா.

வெளியே வந்து தரகருக்குப் போன் செய்தாள். வீடு விற்பனைக்கு இல்லை என்றாள். வாயால் சம்மதித்ததும் ஒப்பந்தம்தான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றெல்லாம் அவர் சொன்னார். கையெழுத்துப் போடவில்லையே என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டயர் ஒட்டி முடிந்து திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. முதுகுக் காற்றுக்கு யாரும் யாருக்கும் தேவைப்படுவதில்லை. அலீடா ஐம்பது கஜம் பின்னால் வந்தாள், மோட்டாரை அணைத்துவிட்டு வந்தாள் போலிருக்கிறது, மூச்சு வாங்குகிற சத்தம் அவ்வப்போது கேட்டது. மூன்று பாலத்திலும் ஃபென்னா ஒதுங்கவில்லை. அலீடா கூப்பிடவுமில்லை. கிராமத்து முக்கில் ஒருத்தி இடப்பக்கம் திரும்பினாள், ஒருத்தி நேரே போனாள்.

அந்த வாரம் முழுக்க ஃபென்னாவின் சமையலறை மேஜையில் போன் இருந்தது. இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் அது அடித்து ஓயும் வரை அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தன் வண்டியின் மாற்றுச் சாவி அலீடாவிடம் இருக்கிறது என்பது வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தாள். பூட்டையே மாற்றிவிடலாம் என்றும் நினைத்தாள். இரண்டையும் செய்யவில்லை.

அடுத்த புதன்கிழமை வழக்கத்தைவிட அரை மணி முந்தியே கிளம்பினாள். அலீடா வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மேஜையில் விளக்கு எரிந்தது, அலீடா கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சுருட்டின முடி கலைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தூக்கினாள். அந்தப் பக்கத்தில் முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் கை தூக்குவது வழக்கம். ஃபென்னா இரண்டு கையையும் கைப்பிடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அணையடியில் அதே மேற்குக் காற்று. பின்னாலிருந்து பேச்சுச் சத்தமே இல்லை, யாருக்கும் பித்தப்பையில் கல் இல்லை. மெதுவாகத்தான் மிதித்தாள். கால் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. முதல் பாலம் வந்ததும், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வண்டியை வலது ஓரத்துக்கு ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, பின்னால் இருப்பவள் முன்னுக்கு வரட்டும் என்று காத்தாள்.

கொஞ்ச தூரம் அப்படியே போனாள். பிறகு மறுபடி பாதை நடுவுக்கு வந்தாள்.

எங்கும் இறங்காமல் ஓஸ்டர்வேர் போய்ச் சேர ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆயிற்று.