காதுக்குள் ஒரு தம்புரா

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. மனுஷர் குரல் போதும் என்பார் சபையை நடத்துகிற மூப்பர். பாறசாலைப் பக்கம் சில சபைகளில் டிரம் அடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தால், என் வீட்டுக்காரர் கனகதாஸ்தான் முதலில் குதிப்பார். பாட்டுத் தொடங்குகிறவர் அவரல்லவா. கிறிஸ்துமசுக்குக் கீபோர்டு வாசிக்கட்டுமா என்று சபையின் இளம்பிள்ளை ஜிஷா கேட்டபோது, "இது ஆராதனையாக்கும் மக்கா, கானமேள இல்ல" என்று எல்லோர் முன்னாலும் அவள் வாயை அடைத்தார்.

வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சுருதிதான் வயதானதும் பிடி கொடுக்கவில்லை. காதில் ஒரு புளூடூத் மாட்டிக்கொண்டார். போனில் தம்புரா ஓடும். அவருக்கு மட்டும் கேட்கும். காது கேட்கிற மெஷின் என்று சபை நினைத்தது. போன் என் பையில் இருக்கும். இந்தக் கள்ளத்தில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

போன ஞாயிறு ஜெபத்தின் நடுவே புளூடூத்தில் சார்ஜ் தீர்ந்தது. பெண்கள் பக்கத்தில், என் பைக்குள்ளிருந்து தம்புரா ஊரறியக் கிளம்பியது. அமுக்கினேன், நிற்கவில்லை. யாராவது என்னைப் பார்த்தார்களா? எல்லோரும் பக்கத்திலிருந்த ஜிஷாவைத்தான் பார்த்தார்கள்.

"ஒனக்க போனா மோளே?" என்றார் மூப்பர்.

ஜிஷா பைக்குள் துழாவிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு வியர்த்து நின்ற என் வீட்டுக்காரரையும் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

நான் வேதப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்தேன். "எந்திரிச்சு நின்னு சொல்லும். இல்லேண்ணா நான் சொல்லுவேன்."

"அடுத்த ஞாயிறு சொல்லுதேன் சரோஜம், சத்தம் போடாத," என்றார்.

இன்று ஞாயிறு. ஜெபத்தில் வாத்தியம் ஒலிக்கவிட்டதற்காக ஜிஷாவுக்கு ஒரு மாதம் திருவிருந்து கிடையாது என்று மூப்பர் அறிவித்தார். இவர் எழுந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பாட்டைத் தொடங்கினார். காதில் ஒன்றுமில்லை, இரண்டாம் அடியிலேயே குரல் உடைந்து நின்றுவிட்டது.

"அண்ணன் அந்தப் பிள்ளைக்கு வேண்டி கரையுதாரு," என்று மூப்பரும் கண்ணைத் துடைத்தார்.

இவர் உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்திருக்கவில்லை.

திருவிருந்தின் அப்பத் தட்டு வரிசையாக வந்தது. ஜிஷா எடுக்காமல் என் பக்கம் நீட்டினாள். "பிடியுங்க மாமி," என்றாள்.

நான் எடுத்துத் தின்றேன்.