பத்து நிமிடம் முன்னால் ஓடும் வீடு

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். கல்யாணமான முதல் மாதத்தில் நான் செய்து வைத்த வேலை. என் கணவர் எதற்கும் நேரத்துக்குக் கிளம்பமாட்டார். முள்ளைத் தள்ளி வைத்தாலாவது கிளம்புவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கிளம்பினார். பிறகு மனதுக்குள்ளேயே பத்தைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார். பதினாறு வருடமாக நான் கூட்டுகிறேன், அவர் கழிக்கிறார். கூடத்துக் கடிகாரம், அடுக்களைக் கடிகாரம், என் கைக்கடிகாரம் எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததெல்லாம் இதனால்தான்.

நான் குடிநீர் அலுவலகத்தில், வருகிற புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். ஒரு பல் டாக்டர் தம் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தார். எந்தத் தேதியில் எந்தக் குழாய் உடைந்தது, எந்தத் தேதியில் சரியாகும் என்று வரிசையாகப் பதில் போட்டேன். தண்ணீர் வந்ததோ இல்லையோ, டாக்டர் நேரில் வந்துவிட்டார். "இப்படி எழுதுற ஆள்தாம்மா எனக்கு வேணும்" என்றார். அவர்தான் வருடாவருடம் தொடர் ஓட்டத்தை நடத்துபவர்.

ஓட்டம் நூற்றுப் பத்து கிலோமீட்டர். ஓர் அணிக்குப் பத்துப் பேர், ஆளுக்குப் பதினொன்று. விடிகாலை நான்கு மணிக்கு முதல் ஆள் கிளம்புவார். ஒருவர் ஓடி முடித்ததும் கையில் கட்டியிருக்கும் சிவப்புப் பட்டையைக் கழற்றி அடுத்தவருக்குக் கட்டிவிட வேண்டும். பட்டை மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மூடும் நேரம் உண்டு. அதற்குப் பிறகு வந்தால் அந்த அணி அதோடு சரி. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். காலில் கட்டி நேரம் கணக்கிடுகிற கருவியெல்லாம் இந்த ஓட்டத்தில் கிடையாது. ஒரு தன்னார்வலர், ஒரு கைக்கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில். எனக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம், ஒரு டயர் கடை வாசல். மூடும் நேரம் பத்து முப்பது.

என் நாத்தனார் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பிரிவில் இருக்கிறாள். அந்தப் பிரிவும் ஓர் அணி, எண் முப்பத்தொன்று. போன வருடம் நான்காவது இடத்திலேயே நேரம் முடிந்து பஸ்ஸில் ஏறினார்கள். மறுநாள் அலுவலகத்தில் யாரோ ஒரு பஸ் படத்தைக் கத்தரித்து, ஜன்னலில் அவள் முகத்தை ஒட்டி, அவள் மேசைக்கு மேலே மாட்டிவிட்டார்கள். ஒரு வருடமாக அது அங்கேயே இருக்கிறது. "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்த வருடம் எட்டு மாதம் காலையில் எழுந்து ஓடினாள். "முடிச்சுட்டு வந்து நானே கிழிச்சுப் போடுவேன் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் ஆறாவது ஆள். பட்டையை வாங்கிக்கொள்ள வேண்டியது என் டயர் கடை வாசலில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன்னார்வலர் எல்லோரையும் டாக்டர் கூப்பிட்டு, அவரவர் கடிகாரத்தை ஓட்டத்தின் கடிகாரத்தோடு ஒத்து வைக்கச் சொன்னார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக என் கைக்கடிகாரம் சரியான மணி காட்டியது.

மறுநாள், ஓட்டம் நடந்த அதே சனிக்கிழமைதான் மாமனாரும் மாமியாரும் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடிவந்தார்கள். வேறு தேதி அமையவில்லை. எந்தச் சாமான் எந்தச் சுவரோரம் என்று அளவெடுத்துப் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். லாரிக்காரரிடம் என் கணவருடைய நம்பர்தான் இருந்தது. அதனால் அவர் தம் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தங்கை ஓடுவதைப் பார்க்க டயர் கடைக்கு வந்திருந்தார்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு மாமனார் கூப்பிட்டார்.

"பீரோ உள்ள போகமாட்டேங்குதும்மா. லாரிக்காரன் வாசல்லயே இறக்கிட்டுப் போறேங்கிறான். உங்க அத்தை அவனை விடாம வழிமறிச்சு நிக்கிறா. நீ வந்து சொன்னாத்தான் ஆச்சாம்."

என் கணவரிடம் தாளையும் பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்தேன். அணி எண்ணை நெஞ்சில் பார்க்க வேண்டும், முதுகில் அல்ல. பட்டை கை மாறுகிற நொடியை எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, அடித்து எழுத வேண்டும். இப்படி ஏழு விஷயம் சொன்னேன்.

"எல்லாம் தெரியும், நீ கிளம்பு. ராக்கெட்டா விடப்போறேன்?" என்றார்.

பீரோவின் கதவுகளைக் கழற்றினால் உள்ளே போகும் என்று படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. கழற்றி, ஏற்றி, மாட்டிவிட்டு, நான் திரும்பி வரும்போது பத்து ஐம்பது. டயர் கடை வாசலில் கயிறு கட்டி மூடியாகிவிட்டது.

"தங்கச்சி போயாச்சு!" என்று அவர் கையை ஆட்டினார். "நாலு நிமிஷம் பாக்கி இருக்கும்போது வந்தாரு அவங்க அஞ்சாவது ஆளு, அந்தத் தபால் வேன் டிரைவர். என்னா மூச்சு! பட்டையைக் கட்டக்கூட முடியலை, அவளே பிடுங்கிட்டு ஓடுனா."

ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்போதே ஒரு தடவை படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கீழ்வீட்டு அடுக்களை மேசையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, நல்ல தாளில் நேரங்களைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஞாயிறு காலை டாக்டரிடம் கொடுத்தாக வேண்டும். மாமியார் டீ வடிகட்டி எந்தப் பெட்டியில் என்று தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் ஸ்டூல் மேல் நின்று திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் வெந்நீர் வாளிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் அணி நான்கு நாற்பத்தெட்டுக்கு முடித்திருந்தது. எல்லைக்கோடு மூடப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது. ஆனால் அவள் கழுத்தில் மெடல் இல்லை. பைக்குள் இருப்பதாகச் சொன்னாள்.

ஒன்பது ஐம்பத்தொன்று வரை என் கையெழுத்து. அடுத்த வரி அவர் கையெழுத்து: ஒன்பது நாற்பத்தெட்டு. நேரம் பின்னால் போயிருந்தது. அதற்கடுத்தது பத்து ஐந்து. கடைசியாக, அணி முப்பத்தொன்று, பத்து இருபத்தாறு.

"ஏங்க, காலைல எதைப் பார்த்து மணி எழுதுனீங்க?"

"உன் வாட்ச்சைத்தான்."

"அப்படியே எழுதுனீங்களா?"

"அப்படியே எழுத நான் என்ன மடையனா? பத்தைக் கழிச்சுத்தான் எழுதுனேன்." பெருமையாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டேன் என்று சொன்னேன். திரைக்கம்பியின் ஒரு முனை கையிலிருந்து நழுவித் தொங்கியது.

"ஏழு பாயின்ட் சொன்னியே, இதைச் சொன்னியா?"

"சொல்லலை" என்றேன். உண்மையிலேயே சொல்லவில்லை.

"அப்போ அவ எத்தனை மணிக்குக் கிளம்புனா?"

நான் வாய் திறப்பதற்குள் வாளிப் பக்கமிருந்து பதில் வந்தது. "பத்து முப்பத்தாறு."

நாத்தனார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டயர் கடைக்குள்ள சுவர்ல ஒரு கடிகாரம் இருக்கு அண்ணி. அதையேதான் பார்த்துட்டு நின்னேன். பத்தரை தாண்டிடுச்சு, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் வேன் அண்ணன் வந்தாரு. இவன் 'போ, போ'ன்னு கத்துனான். எனக்காகப் பண்றான்னு நினைச்சு ஓடிட்டேன்."

"நானா? உனக்காகவா?" என்றார் என் கணவர்.

"அதானே! சின்ன வயசுல ஒரு பென்சிலைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு இவனுக்குன்னு பதினோரு கிலோமீட்டரும் யோசிச்சுக்கிட்டேதான் ஓடுனேன்."

மாமியார் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆறு நிமிஷம்தானே? வீட்டுப் பொண்ணு எழுதுற தாளு. யாரு வந்து கேக்கப்போறா?"

அவர் சொன்னது சரிதான். முதல் இரண்டு வரியை மட்டும் திருத்தி, மூன்றாவதை இருபத்தாறு என்றே விட்டால் தாள் ஒழுங்காகத்தான் இருக்கும். ஐம்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, பத்து பதினைந்து, பத்து இருபத்தாறு. ஒரு சந்தேகமும் வராது. இப்படி நான் யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். பென்சிலைக்கூடச் சீவி வைத்தேன்.

"நீ என்ன சொல்றே?" என்று நாத்தனாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தாள் என் பொறுப்பு. பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டேன்.

"நான் மட்டும்னா பரவாயில்லை. பத்துப் பேரு. கடைசி ஆளு கால் கொப்புளத்தோட வந்து சேர்ந்தாரு" என்றாள். பிறகு, "மெடலைக் கழுத்துல போட்டதும் அந்தக் கடைச் சுவர்க் கடிகாரம்தான் கண்ணுல நிக்குது. முப்பத்தாறுன்னே எழுதுங்க" என்றாள்.

"திங்கக்கிழமை அந்த பஸ் படம்?"

"இருக்கட்டும். ஒரு வருஷமா அதுல உக்கார்ந்து பழகிடுச்சு. ஜன்னல் சீட்டு."

பத்து முப்பத்தாறு என்று எழுதினேன்.

வாளியிலிருந்து காலை எடுக்காமலே ஒன்பது பேருக்கும் போன் செய்தாள். சிலர் "சரி விடு" என்றார்கள். கொப்புளக்காரர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். வேன் டிரைவர் மட்டும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். "நடுவுல ரெண்டு தடவை உக்கார்ந்துட்டேம்மா, யார்கிட்டயும் சொல்லலை" என்றாராம்.

ஞாயிறு காலை நானும் நாத்தனாரும் டாக்டரின் மருத்துவமனைக்குப் போனோம். நோயாளிகள் உட்காரும் நாற்காலி மேல் தாள்கள் அடுக்கியிருந்தன. தாளோடு ஒரு கடிதமும் வைத்திருந்தேன்: பிழை எங்கே, எதனால், யாருடைய கவனக்குறைவு என்று. கடைசிக் கேள்விக்கு என் பெயரையே எழுதியிருந்தேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார்.

"உங்க வீட்ல எல்லாக் கடிகாரமுமா?"

"எல்லாம்தான் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. முடிவுப் பட்டியலில் முப்பத்தொன்றின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "விதி விதிதாம்மா" என்று நாத்தனாரிடம் கையை நீட்டினார். அவள் மெடலைக் கொடுத்தாள். பல் அச்சுகள் இருந்த இழுப்பறைக்குள் அதைப் போட்டு மூடினார்.

எழுந்து வாசல்வரை வந்துவிட்டோம். நாத்தனார் திரும்பினாள்.

"டாக்டர், என் பதினொண்ணு மட்டும் எவ்வளவு நேரம்னு தெரியுமா? நான் வாட்ச் கட்டிட்டு ஓடமாட்டேன்."

அவர் ஆறாவது இடத்தின் தாளைத் தேடி எடுத்தார். "பதினொண்ணு நாற்பத்தொண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கே. பத்து முப்பத்தாறுலேருந்து…" விரலால் எண்ணினார். "ஒரு மணி அஞ்சு நிமிஷம்."

அவள் அப்படியே நின்றாள். எட்டு மாதத்தில் அவளுடைய மிக நல்ல ஓட்டமே ஒரு மணி பதினொன்று. பத்து இருபத்தாறு என்றே விட்டிருந்தால், பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு மணி பதினைந்து என்று வந்திருக்கும்.

"எழுதிக் குடுங்க" என்றாள். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்ததும் என் தோளைத் தட்டினாள். "அப்போ வேன் அண்ணன் நேரம் பத்து நிமிஷம் கூடிடுமா அண்ணி?"

"கூடும்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தட்டினாள். "அடுத்த வருஷம் என்ன ஆனாலும் நீங்க அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பீரோவை என் அண்ணன் பார்த்துக்கட்டும்."