மூன்று முழுக்கு

சந்திரமௌலிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அப்படி ஏதாவது இருந்து தொலைத்தால், அதைப் பற்றி இன்னும் நீளமாகப் பேசுவார். ஜெர்மனியில், வால்டோர்ஃபில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷமாகக் குப்பை கொட்டியவருக்கு 2006இல் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. பெரு நாட்டில் இரண்டு வருஷ ப்ராஜெக்ட், அதற்கு ஒரு லீட் வேண்டும். போட்டியில் இருந்தது அவரும், ஜூனியர் ப்ரீத்தியும்.

போட்டியாவது, மண்ணாவது! அந்தப் பெண் இருக்கிற இடமே தெரியாது. சந்திரமௌலி மயிலாப்பூருக்குப் போன் போட்டு, "லீடா போறேன்" என்று மாமனாரிடம் சொல்லியே விட்டார்.

முடிவெடுக்க வேண்டியவர் மேலாளர் அம்மாள் ஃப்ராவ் கோலர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டீம் முழுவதையும் பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டில் ஒரு ஏரிக்கு நடத்திக் கூட்டிப் போனார். கூட வந்தவர் ஃபெலிசிட்டாஸ். பெருவில் மலைக்கிராமத்தில் பிறந்த கெச்சுவாப் பழங்குடிப் பெண்மணி, ஜெர்மானியரைக் கட்டிக்கொண்டு ஃப்ரைபர்கில் இருப்பவர். போகிற நாட்டு ஜனங்களைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு.

ஏற்றத்தில் நாக்குத் தள்ளியும் சந்திரமௌலி வாயை மூடவில்லை. இரண்டு நாள் இன்டர்நெட்டில் மேய்ந்ததை வைத்துக் கெச்சுவாக்காரிக்கே கெச்சுவாப் பாடம் எடுத்தார். ஃபெலிசிட்டாஸ் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டே நடந்தார், பாவம்.

ஏரி வந்ததும் ஃபெலிசிட்டாஸ் எல்லோரையும் நிறுத்தினார். "எங்க ஊர்ல மலை ஏரி புனிதமானது. அதுக்கு உயிர் உண்டு, கோபமும் உண்டு. எட்ட நின்னு, மூணு கோக்கா இலையை ஊதி அனுமதி கேட்போம். கேட்காம தண்ணியைத் தொட மாட்டோம். இங்க கிடைக்கிற இலையை எடுத்துக்கோங்க."

புனிதம் என்றதுவரைதான் சந்திரமௌலி காதில் விழுந்தது. அதற்குள் ஃப்ராவ் கோலருக்கு மானசரோவரை விளக்கத் தொடங்கிவிட்டாரே!

புண்ணிய தீர்த்தத்தைக் கண்டால் மயிலாப்பூர் உடம்பு சும்மா இருக்குமா? சட்டை போயிற்று, பேன்ட்டும் போயிற்று. பூணூலும் அரை டிராயருமாக இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். கரையில் 'குளிக்கத் தடை' என்று ஆளுயரப் பலகை. ஜெர்மன் படிக்க அவருக்கு நேரம் ஏது, பேசவே போதவில்லை.

அதோடு விட்டாரா மனுஷன்? பல் தந்தியடிக்கக் கரையேறி, கை நிறைய அள்ளிய தண்ணீரை ஃப்ராவ் கோலர் தலையில் தெளித்தார்.

"பிளெஸ்ஸிங், மேடம்!"

ஐயோ, அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எட்ட நின்ற ப்ரீத்தி, கையிலிருந்த மூன்று இலைகளோடு ஃபெலிசிட்டாஸிடம் போனாள். "இவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கலாமா?" ஃபெலிசிட்டாஸ் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். இருவரும் சேர்ந்து இலைகளை ஊதினார்கள். ஃப்ராவ் கோலர் தலையைத் துடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. லீட், ப்ரீத்தி. அவளுக்குக் கீழே சந்திரமௌலி. படித்தவர் பாத்ரூமில் கொஞ்சம் அழக்கூடச் செய்தார்.

வீட்டில், கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமான மனைவி சாந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "மீட்டிங்ல அவதான் பேசுவாளாம். நான் வாயைத் திறக்காம கேட்டுண்டு, குறிப்பு மட்டும் எடுக்கணுமாம்!"

சாந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"பகவானே, இந்தப் பொண்ணைப் பன்னெண்டு வருஷம் முன்னாடியே என் கண்ணுல காட்டியிருக்கக் கூடாதா?"