சேர்விஸுக்கு விட்ட கார் முனி கோயிலுக்குப் போனது

1.

இது கதையாக என்னிடம் வரவில்லை. ஒரு வார இதழுக்கு, வாகன உரிமையாளர்களுக்கான அறிவுரைக் கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பை அவர்களே தந்திருந்தார்கள்: 'கராஜில் விட்ட உங்கள் கார் ஒருவரை இடித்தால் பொறுப்பு யாருக்கு?' ஹட்டனில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணியைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். கார் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் நீங்கள் மாட்டிக்கொள்வதில்லை என்றார். அந்த நேரத்தில் அது யாருடைய காரியமாகப் போனது என்று பார்ப்பார்களாம். கராஜ்காரர் தன் வேலையாக எடுத்துப் போயிருந்தால் அது அவர் பாடு. நீங்கள் சொல்லியனுப்பிய காரியத்துக்குப் போயிருந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.*

"ஒரு உதாரணம் போடுங்க, அப்பதான் வெளங்கும்," என்றார். "லிந்துலைப் பக்கம் ஒண்ணு இருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். உதாரணம் கட்டுரையைத் தின்றுவிட்டது.

(* இதை நம்பி யாரும் வழக்குப் போட வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீருக்கு எவ்வளவு சட்டம் கிடைக்குமோ அவ்வளவுதான் இதில் இருக்கிறது.)

2.

முதல் தொடக்கம்: பனி மூடிய லிந்துலையில் அந்தக் காலைப்பொழுதில் —

[விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிற வாசகர் தாமாகக் கொஞ்சம் பனி போட்டுக்கொள்ளலாம்.]

இரண்டாவது தொடக்கம்: கார் தானாக நகர்ந்தது.

[நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் காரின் சொந்தக்காரர் சந்தோஷப்பட்டு இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்.]

மூன்றாவது தொடக்கம்: ஜீவராணியின் கால் முறிந்த வெள்ளிக்கிழமை, அந்தக் காரை யாரும் ஓட்டவில்லை.

இது நிற்கட்டும்.

3.

சொந்தக்காரர் சுகிர்தன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். ஒருமுறை பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மேசைமேல் எலுமிச்சம்பழம் ஒன்றையும் பிரேக் கட்டை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதிலை எது காரை நிப்பாட்டும்?" என்று பிள்ளைகளைக் கேட்டவர். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் பிரேக் சார்.

அவருடைய காரின் பிரேக் மூன்றாவது தடவையாகப் பழுதானபோது பிரதாப்பின் கராஜில் விட்டார். பிரதாப் கால் பிரேக்கைச் சரிசெய்துவிட்டான். கை பிரேக்கின் கம்பியைக் கழற்றியிருந்தான், இன்னும் மாட்டவில்லை. மாட்டுவதற்குள் ராகு காலம் வந்துவிடும் போலிருந்தது. அதனால் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு, காரைத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் முனி கோயிலுக்கு எடுத்துப்போனான். பிரேக் வேலை பார்த்த வண்டியைச் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்காமல் சொந்தக்காரரிடம் கொடுப்பதை இந்தப் பக்கத்தில் நல்ல சகுனமாக நினைப்பதில்லை.

கோயில் வாசல் சரிவு. பிரதாப் முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அணைகொடுத்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் திருநீறு வாங்க இறங்கினான். பூசாரி சக்கரங்களுக்குப் பழம் வைத்துக்கொண்டே வந்தார். முன்சக்கரத்தடியில் பழத்துக்கு இடமில்லை, கல் இருந்தது. கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் பழத்தை வைத்தார்.

கண்காட்சி மேசையின் கேள்விக்கு அந்த இடத்தில் விடை கிடைத்தது.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணி வாசலில் சிதறுகாய்ச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது, பொனட்டில் சூடம் எரிகிற கார் ஒன்று ஆளில்லாமல் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. "சாமிதான் வருதுன்னு நெனச்சேன் சார்," என்றாள் என்னிடம். "கையெடுத்துக் கும்புட்டுட்டேன். இல்லாட்டி ஓடியிருப்பேன்."

4.

இப்போது கேள்வி ஒன்றுதான். கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னது யார்?

பிரதாப் சொல்கிறான்: "சார்தாண்ணே போன் பண்ணுனாரு. 'யாருக்கும் தெரியாம ஒரு பூச வச்சிட்டுக் கொண்டாங்க'ன்னாரு. எனக்கே சிரிப்பு வந்துச்சு. பிரேக் சாரே சொல்றாரேன்னு நெனச்சுக்கிட்டேன்."

சுகிர்தன் சொல்கிறார்: "அண்ணை, நான் பிரேக் பாக்கத்தான் காரைக் குடுத்தனான். கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு சொல்லும் சொல்லேல்லை. நான் சயன்ஸ் படிப்பிக்கிறவன். உந்த நேரம் காலமெல்லாம் எனக்கெங்கை தெரியும்? வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் துவங்கினால் பூசாரி எழும்பிப் போயிடுவார், அதாலைதான் அவன் அந்தரப்பட்டுக் கொண்டு ஓடினவன்."

[கடைசி வாக்கியத்தை நான் புனையவில்லை. புனைந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.]

ஆனாலும் இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஒரு சங்கடம். யாழ்ப்பாணத்து ஆசிரியர், தோட்டத்துத் தொழிலாளி என்றதுமே சில வாசகர்கள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். அதைத் தடுக்கச் சுகிர்தனுக்கு நோயாளித் தாய் ஒருவரைக் கொடுத்துப் பார்த்தேன். அந்த அம்மா இரண்டு பத்தி இருமினார். அனுப்பிவிட்டேன். உண்மையில் நடந்ததே போதும்: விபத்து நடந்த மறுநாள் சுகிர்தன் ஒரு டின் மால்ட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ஜீவராணியின் கட்டிலருகே நின்றார். டின்னை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

"பாவம், அவருக்குத்தான் ரொம்ப வலிச்சமாதிரி இருந்துச்சு," என்றாள் ஜீவராணி.

5.

அவளைத் தோட்டத்து லயத்தில், அவள் வீட்டில் பார்த்தேன். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு கொழுந்துக் கூடைமேல் நீட்டி வைத்திருந்தாள். அதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"அந்தத் தேங்காச் சில்ல எடுத்துருங்க சார். சாமி கும்புட வந்தேன்னு போடுங்க."

"சாமி கும்பிடத்தான் வந்தீங்களா?"

"சம்பல் அரைக்கச் சில்லு பொறுக்கத்தான் வந்தேன். அத ஊரெல்லாம் படிக்கணுமா?"

எடுத்துவிடுகிறேன் என்றேன். [எடுக்கவில்லை. மற்றவர் வாழ்க்கையைத் திருத்தித் தருவதாக வாங்கி, சொல்லாத இடத்துக்கெல்லாம் ஓட்டிப்போவது என் தொழிலிலும் உண்டு.]

"யார் சொல்லிக் கார் போனதுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? காரு சாரோடது. வேல பிரதாப்போடது. கல்ல நகத்துனது பூசாரி. காலு மட்டுந்தான் என்னோடது." சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "கொழுந்தெடுக்க மலையேறாத நாளைக்குப் பேர் விழாது சார். பேர் விழாட்டிச் சம்பளம் இல்ல. கட்டுப் பிரிச்சாலும் உடனே மல ஏற முடியாதாம். எவனாச்சும் ஒருத்தன் 'என்னாலதான்'னு சொன்னா நான் அவன்கிட்ட போய்க் கேக்கலாம். இப்ப யார்கிட்ட போய்க் கேக்குறது?"

6.

சில முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) சுகிர்தன் கடைசிவரை மறுக்கிறார். பொறுப்பெல்லாம் பிரதாப் தலையில் விழுகிறது. கராஜை விற்றால்கூட அவனால் பெரிதாக எதுவும் கொடுக்க முடியாது. அதிலிருக்கும் ஜாக்கி இரவல். ஜீவராணிக்குச் சட்டப்படி ஒருவர் கிடைக்கிறார், வேறெதுவும் கிடைப்பதில்லை.

(ஆ) சுகிர்தன் ஒப்புக்கொள்கிறார். இன்சூரன்ஸ்காரர் வருகிறார். "வண்டிய ஓட்டுனது யாரு?" "யாரும் ஓட்டலங்க." "அப்ப எப்படி இடிச்சுச்சு?" இந்த உரையாடல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

(இ) எல்லாருமாகச் சேர்ந்து முனிதான் காரை ஓட்டினார் என்று சொல்லிவிடுகிறார்கள். பூசாரி மட்டும் கோபப்படுகிறார்: "சாமி மேல பழி போடாதீங்க. அது ஓட்டியிருந்தா வளைவுல திருப்பியிருக்கும்."

(இ) எனக்குப் பிடித்தது. ஜீவராணியிடம் சொன்னேன். "நல்லாருக்கு," என்றாள். "சாமிகிட்டயும் போய் ஒண்ணும் கேக்க முடியாது."

7.

ஆகவே உண்மையில் நடந்ததற்கே திரும்பிப் போகிறேன். பொலிஸில் விசாரணைக்கு எல்லாரையும் அழைத்திருந்தார்கள். சுகிர்தன் முதலில் வந்துவிட்டார். சார் என்பதால் உட்கார வைத்திருந்தார்கள். பிரதாப் சுவரோரம். பூசாரி கதவோரம். ஜீவராணி, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்குச்சி ஒன்றை ஊன்றி, நொண்டிக்கொண்டு வந்து நின்றாள்.

உள்ளே போகுமுன் வாசலில் அவள் என்னிடம் சொன்னாள்: "முடிவு எழுதாட்டிப் பரவாயில்ல சார். என்னய நிக்க வச்சிட்டு மட்டும் கதைய முடிச்சிராதீங்க."

அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: வேலை முடியாத காரைக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னது யார்?

பிரதாப் தன் பதிலை முன்பே சொல்லியிருந்தான்; சுகிர்தனைப் பார்த்தான். பூசாரி விட்டத்தைப் பார்த்தார். சுகிர்தன் ஜீவராணியைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலைப் பார்த்தார். அறையில் இருந்த மற்ற ஒரே நாற்காலி அதிகாரியினுடையது.

சுகிர்தன் எழுந்தார்.

அவர் அடுத்துச் சொன்னதை நான் எழுதமாட்டேன். அவர் வாயில் ஓர் 'ஓம், நான்தான்' வைப்பது எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் அது என்னுடைய நல்லதனமாக இருக்கும், ஜீவராணி அவரிடம் போய்க் கேட்க அது உதவாது. அவர் இடம் கொடுக்க எழுந்தாரா, பதில் சொல்ல எழுந்தாரா, வெளியே போக எழுந்தாரா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். உங்களுக்கும் ஒரு கார் இருக்கலாம், அது இப்போது எங்காவது ஒரு கராஜில் நிற்கலாம்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான், அதைச் செய்துவிட்டேன். அவர் எழுந்ததும் நாற்காலியை இழுத்து ஜீவராணிக்குப் பின்னால் போட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.